அறைப் பங்காளி

பதினான்காம் நம்பர் பெட்டிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. லாரியிலிருந்து இறங்கியதோ மூன்றாம் நம்பர்.

"அது பாத்திரம். அத அப்புறம் இறக்குங்க. பதினாலு எங்க இருக்குன்னு பாருங்க," என்று லாரியின் பின்கதவருகே நின்று நாலாவது தடவையாகச் சொன்னாள்.

"உள்ள கடைசில மாட்டியிருக்கும்மா. முன்னாடி இருக்கறத எடுத்தாத்தானே பின்னாடி போக முடியும்?" என்றார் சூப்பர்வைசர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இருபத்தேழு பெட்டிகள், ஓர் இரும்பு பீரோ, பிரித்துக் கட்டிய கட்டில். எல்லாம் கூரையை முட்டிக்கொண்டு கிடந்தன. பன்னிரண்டு நாள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அவள் கட்டியவை, அவளே பட்டை மார்க்கரால் நம்பர் போட்டவை. பத்து வாரம் கடலில் மிதந்துவிட்டு, நாள் பார்த்து வந்தது போல இன்றைக்கு வந்து வாசலில் நிற்கின்றன.

மணி பத்தேகால். ஒரு மணிக்குள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் துணி கொடுத்தாக வேண்டும். மூன்று மணிக்கு உடலைத் தருவார்கள். நாலு மணிக்குத் தகன மண்டபம்.

சூப்பர்வைசர் அட்டையில் செருகிய காகிதத்தை நீட்டினார். "சாமான் யார் பேர்ல வந்திருக்கோ அவர்தான் கையெழுத்துப் போடணும். சாரக் கொஞ்சம் கூப்பிடுங்க."

காகிதத்தின் தலையில் கணவரின் பெயர் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.  நாலு நாளாக வந்தவர் போனவர் எல்லோருக்கும் வேறு யாராவதுதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சார் தவறிட்டாருங்க. திங்கக்கிழமை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது. பங்காளி.

சூப்பர்வைசர் அவசரமாகக் கையுறைகளைக் கழற்றினார். "அடப்பாவமே, தெரியாம கேட்டுட்டேன்," என்றவர், பேனாவை அவளைத் தாண்டி அவனிடம் நீட்டினார். "தம்பிங்களா? அப்ப நீங்களே போட்டுடுங்க."

அவன் கை தன்னையறியாமல் நீண்டுவிட்டது. அதற்குள் அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் அவர் சம்சாரம்," என்றாள். அழுத்திப் போட்ட கையெழுத்தில் காகிதம் கிழிந்தது.

பங்காளி என்பது அவன் பெயரில்லை. அவள் கணவரும் அவனும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஏழு வருஷம் ஒரே அறையில் இருந்தார்கள். "ரூம்ல பாதி, சோத்துல பாதி, சோப்புல பாதி. அப்ப பங்காளிதானே?" என்று கணவர் போனில் சிரித்திருக்கிறார். அவளும் சிரித்திருக்கிறாள். "பங்காளின்னா என்னிக்காவது பங்கு பிரிக்கக் கேப்பான், பாத்துக்குங்க." அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சுதான்.

ஏழு வருஷத்தில் மூன்று முறைதான் அவர் விடுப்பில் ஊருக்கு வந்தார். ஒரு வழியாகக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்து, அவளும் மகளும் விமான நிலையத்தில் இறங்கியபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள் நின்றார்கள். ஒருவரைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்கப்புறம் ஒன்பது வாரம். வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் அவன் வந்து நிற்பான். அவள் போட்ட டீயை அவர் மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தபோது, "சர்க்கரையா? நீ விட்டு மூணு வருஷம் ஆச்சே பங்காளி," என்று அவன்தான் சொன்னான். அவள் மனம் நோகக்கூடாதென்று ஒரு வாரமாக அவர் சர்க்கரை போட்ட டீயைக் குடித்திருக்கிறார். இருவரும் "மூணாவது மாடி" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். என்ன என்று அவள் கேட்டால், "அது சொன்னாப் புரியாதும்மா. கூட இருந்திருக்கணும்," என்பார் கணவர்.

கூட இருந்திருக்கணும். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மகள் இரண்டாம் நாளே அவனைச் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

திங்கட்கிழமை வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவள் ஓடிச் சேர்ந்தபோது டாக்டர் கேட்டார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று. "ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க, நல்லாத்தான் இருந்தார்," என்றாள் அவள். பக்கத்தில் நின்றவன் மூன்று மாத்திரைகளின் பெயரைச் சொன்னான், அளவோடு. இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் குழாய் வைத்ததைச் சொன்னான். கம்ப்யூட்டரில் தேடியெடுத்த பழைய படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் 'சகோதரர்' என்று எழுதி அவன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார் அண்ணி," என்றான் வராந்தாவில். "அவ்வளவு தூரத்துல உக்காந்து பயந்துட்டு இருப்பீங்கன்னு."

 உள்ளே அவர் உயிரோடு இருந்த கடைசி அரை மணி நேரம். அந்த அரை மணியிலும் அவள் மனசின் பாதி, படிவத்தில் இருந்த அந்தக் கையெழுத்தின் மேலேயே நின்றது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைக்காமலிருக்க முடியவில்லை. பங்காளிக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை உண்டு. அது பங்காளிகளுக்குள் வருவது. பெண்டாட்டிக்கு வந்தால் அதற்கு என்ன பெயரோ.

பதினான்காம் நம்பர் பெட்டி பதினொன்றரைக்கு மாடிக்கு வந்தது. சமையலறைக் கத்தியால் டேப்பைக் கிழித்தாள். மேலே அவருடைய பழைய ஸ்வெட்டர், அதன்கீழ் வேட்டிகள், அடியில் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி அந்தச் சாம்பல்நீலச் சட்டை. வெளிநாடு புறப்படுவதற்கு முந்தின மாதம் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. "இது இங்கயே இருக்கட்டும். நான் இருக்கற மாதிரி இருக்கும்," என்று சொல்லி விட்டுப் போனார். ஒவ்வொரு வருஷமும் அவர் பிறந்தநாளன்று அதை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, திரும்ப மடித்து வைப்பாள்.

வாசல் நிலையில் பங்காளி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அண்ணி, போன மாசம் நானும் அவரும் எடுத்த சட்டை. வெள்ளை. இன்னும் பிரிக்கல. இது அவருக்குச் சரியா..."

"அவர் சட்டை இருக்கு," என்றாள்.

அவன் அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். காலரில் அளவு முப்பத்தெட்டு என்று இருந்தது. கையிலிருந்த பையின் வாயைச் சுருட்டிக்கொண்டான்.

பிணவறை ஊழியர் வயசானவர், பதமாகப் பேசுகிறவர். சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"அம்மா, சட்டை சின்னதா இருக்கு. பட்டன் சேர மாட்டேங்குது. ஒரு சாண் இடைவெளி. வேற ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா?"

 ஒன்பது வாரம் பக்கத்தில் படுத்திருந்தவள். அவர் பருத்திருந்தது தெரியாமலா இருந்தாள்? தெரிந்ததுதான். பெட்டியைத் திறந்த அந்த நிமிஷத்தில், சட்டைக்குள்ளே இருந்தவர் பழைய ஆளாகவே இருப்பார் என்று எப்படியோ நம்பிவிட்டாள். பங்காளி பக்கத்தில்தான் நின்றான். பையை நீட்டவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். ஊழியரின் கண் பையின் மேல் போயிற்று.

"அதுல சட்டையா சார்?"

"முதுகுப் பக்கம் வெட்டி மாட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் அவள் முந்திக்கொண்டு.

"மாட்டலாம்மா. நேரா ஒரு வெட்டு. முன்னாடி பாக்கறவங்களுக்குத் தெரியாது." அவர் தயங்கினார். "ஆனா ரொம்பப் பத்திரமா வெச்ச சட்டை மாதிரி இருக்கு. வேற இருக்கறப்ப..."

"வெட்டுங்க."

"அண்ணி," என்றான் பங்காளி.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. கத்தரிக்கோல் துணியில் ஏறும் சத்தம் வெளியே கேட்டது. கடைசியில் காலர் பட்டையில் ஒரு கணம் சிக்கி நின்று, பிறகு அதையும் வெட்டிக்கொண்டு போயிற்று. அவள் எதிர்ச் சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகன மண்டபத்தில் பார்த்தபோது சட்டை அவர் மேல் அச்சாகப் பொருந்தியிருந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தின மனிதர் கண்மூடிப் படுத்திருப்பது போலவே இருந்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் ஜெயித்துவிட்டாள்.

அப்புறம் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். வேலைச் சட்டையோடே வந்திருந்தார்கள். வரிசையாக வந்து பங்காளியின் தோளைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். ஒருவர் அவன் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றார். அடுத்து அவளுக்கு எதிரே வந்ததும் எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்கள், ஆபீஸில் மேலதிகாரிக்கு எதிரே நிற்பது போல. "இவங்கதான் சம்சாரமா?" என்று யாரோ யாரையோ கேட்டது காதில் விழுந்தது.

இரும்புக் கதவு மூடியபோது பங்காளியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுமை தாங்காமல் கம்பி வழுக்குவது போன்ற சத்தம். நாலைந்து பேர் ஓடிப் பிடித்தார்கள். மகளும் ஓடினாள். அவள் நின்ற இடத்திலேயே நேராக நின்றாள். நேராக நின்றதால் அவளைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அழக்கூட அவன் முந்திக்கொண்டான் என்று நினைத்தாள். நினைத்ததும் கண்ணில் இருந்த கொஞ்ச ஈரமும் காய்ந்துவிட்டது.

வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. கட்டடக் காவலாளி மாடிப்படியில் காத்திருந்தார். "வருத்தமாத்தான் இருக்கு, ஆனா நடைபாதைய அடைச்சுப் பெட்டி வெக்கக்கூடாதும்மா. இன்னிக்கே உள்ள எடுத்துடுங்க." மகள் உள்ளறைப் பாயில் அப்படியே விழுந்து தூங்கிப்போனாள். பங்காளி யாரும் கேட்காமலே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினான். நீங்க போங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இரும்பு பீரோவைத் தனியாக நகர்த்த முடியாது.

சுவர்களில் பென்சில் கோடுகள் இருந்தன. கப்பல் எங்கே வருகிறதென்று தினமும் போனில் பார்த்துக்கொண்டிருந்த கணவர், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டவை. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் 'கண்ணாடி', 'கடிகாரம்', 'பீரோ (கதவு திறக்க இடம் விடவும்)'. அன்றைக்கு அவள் மகளோடு பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போயிருந்தாள்.

"டேப்போட அந்த முனைய நான் பிடிச்சேன்," என்றான் அவன், அவள் பார்ப்பதைப் பார்த்து. சாதாரணமாகத்தான் சொன்னான்.

பெட்டிகளைப் பிரிக்கப் பிரிக்க, அவள் ஒன்றைக் கவனித்தாள். அவன் எதையும் பார்த்து ஆச்சரியப்படவில்லை. காகிதத்துக்குள்ளிருந்து குட்டை ஸ்டூல் வெளியே வந்ததும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

"தெரியுமா இது?" என்று கேட்டாள்.

"ஒரு கால் ஆடுதுன்னு அறுத்து, அப்புறம் இன்னொரு கால் ஆடுதுன்னு அறுத்து, கடைசில கோழி உக்கார்ற உயரத்துக்குக் கொண்டு வந்தாரே, அதுதானே அண்ணி?"

அடுத்து மேசை மின்விசிறி. "ரெண்டுக்கு அப்புறம் நேரா நாலு. மூணு வேலை செய்யாது." அடுத்து, நெளிந்த தூக்குப் பாத்திரம். "பாப்பா பிறந்த அன்னிக்கு பஸ்லேருந்து விழுந்தது. பாத்திரத்த எடுக்கறதா, ஆஸ்பத்திரிக்கு ஓடறதான்னு நடுரோட்டுல நின்னாராம்." அவள் வேகவேகமாகப் பெட்டிகளைக் கிழித்தாள். பழைய ரேடியோவை, மரக் கொக்கிப் பலகையை, பிடி உடைந்த குடையை எடுத்துப் போட்டு இது, இது என்று கேட்டாள். பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் போல அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். அவளும் கணவரும் வாழ்ந்த பதினோரு வருஷமும் இவன் கட்டிலுக்கு எதிர்க்கட்டிலில் பேசித் தீர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் ஏழு வருஷம் அவனுக்கு. இந்தப் பக்கம் பதினோரு வருஷத்திலும் பாதி அவனுக்கு.

"எல்லாத்தையும் சொல்லியிருக்கார்," என்றாள். 

"எனக்குச் சொல்ல வீடு வாசல்னு ஒண்ணும் இல்ல அண்ணி. அவர் சொல்லுவார், நான் கேப்பேன். தூக்கம் வர்ற வரைக்கும் அதான்." அவன் டேப் பிசினை விரல் நுனியில் உருட்டிக்கொண்டிருந்தான். "நீங்க வந்ததும் அவர் கட்டிலுக்கு வேற ஆள் போடவான்னு கம்பெனில கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

அவள் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பத்தொன்பதாம் நம்பர் பெட்டியிலிருந்து ஒரு போர்வைச் சுருளை எடுத்துப் பிரித்தாள். உள்ளே வெள்ளைப் பீங்கான் ஜாடி. ஒரு நீலக்கரை, வளைந்த கைப்பிடி.

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு சண்டையில் அவள் அதை அவர்மேல் வீசினாள். அவர் குனிந்துகொண்டார். ஜாடி சுவரில் பட்டுக் கைப்பிடி மூன்று துண்டாயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, உப்புக்காகிதத்தால் தேய்த்து, மேலே வர்ணம் பூசினார். ஒட்டு வெளியே தெரியவே தெரியாது. "ஜாடி எறியற பொண்டாட்டின்னு வெளில தெரிஞ்சா எனக்குத்தான் கேவலம். இது நமக்குள்ள," என்றார் அப்புறம் அவள் காதருகே. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கழன்று வந்துவிடும். யாரும் தெரியாமல் பிடித்துவிடக் கூடாதென்று, அலமாரியில் கைப்பிடி சுவர்ப்பக்கம் இருக்கும்படியே அது பதினாறு வருஷம் நின்றது. மகளுக்குக்கூட ஏன் என்று தெரியாது.

ஜாடியை அவன் முன்னால் தரையில் வைத்தாள். "இது?"

அவன் குனிந்து பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"இது தெரியலையே அண்ணி," என்றான். "இதப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே சொன்னதில்ல."

நாலு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். மூன்றாம் நம்பர் பெட்டியிலிருந்து தன்னுடைய பாத்திரத்தை எடுத்துக் கழுவி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தோள்கள் இரண்டும் இறங்கி லேசாகியிருந்தன. ஒன்று. ஒன்றாவது மிச்சம் வைத்திருக்கிறார்.

தண்ணீர் கொதிப்பதற்குள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். தரையில் பரப்பிக் கிடந்ததையெல்லாம் அவன் அலமாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். குக்கரை ஒரு கையில், இஸ்திரிப் பெட்டியை ஒரு கையில், கைப்பிடியைப் பிடித்து இரண்டிரண்டாக. அடுத்து ஜாடி. அவன் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் அதன் அடியில் கொடுத்து, தலை நிற்காத குழந்தையை எடுப்பது போல எடுத்தான். மேல்தட்டில் வைத்து, மெதுவாகத் திருப்பி, கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் ஆக்கினான். ஒரு அடி பின்னால் வந்து பார்த்துவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போனான்.

அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர் கொதித்துத் தளும்பி, பாதி வற்றும் வரை அப்படியே நின்றாள்.

டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து குடித்தான். அவள் வேறொரு பெட்டியின் மேல்.  உள்ளறையில் மகள் தூக்கத்தில் புரண்டாள்.

அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலி அட்டைப்பெட்டிகளை மடித்துக் கயிறு போட்டுக் கட்டினான்.

"பீரோவோட கால் மாட்டல. காலைல வரட்டுமா அண்ணி?"

அவள் குனிந்தாள். டேப் துண்டொன்றைத் தரையிலிருந்து சுரண்டி எடுத்தாள்.

"ஒம்பது மணிக்கு மேல வாங்க," என்றாள்.

அவன் அட்டைக் கட்டோடு இறங்கிப் போனான். சன்னலுக்கு இன்னும் திரைச்சீலை போடவில்லை, அது எந்தப் பெட்டியில் என்று அவளுக்கு நினைவில்லை. கீழே தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் அவன் நின்றான். பஸ் வந்தது. கதவு திறந்தது, மூடியது, பஸ் போயிற்று. அவன் நின்ற இடத்திலேயே இருந்தான். இரண்டாவதும் வந்தது. பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது பஸ்ஸும் போயிற்று. அவள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி, நாலாவது வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.